காவிரிக் கழிமுகத்தின் கரைக்கோட்டு ஆய்வுகள்: ஒரு மதிப்பீடு

காவிரிக் கழிமுகக் கடற்கரை பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் சில மணிமேகலையில் தொடங்குகின்றன. புகாரைக் கடல்கொண்ட செய்தி கடல்மட்ட உயர்வுக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. காப்பியம் கூறுவது வேறு. மகனைக் கடலில் இழந்த துயரில் சோழன் நெடுமுடிக்கிள்ளி இந்திர விழாவை மறந்தான். தெய்வச் சாபத்தால் நகர் அழிந்தது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயரும் கடலுக்கு இக்கதையைச் சான்றாக்குவது இலக்கியத்தையும் அறிவியலையும் ஒருசேரக் குழப்புவதாகும்.

எனினும் இது முன்னுரைக் குறையே. முறையியற் குறை இதனினும் பெரிது. லேண்ட்சாட் படங்களிலிருந்து கரைக்கோட்டை வரைந்து, முதற்கோட்டுக்கும் இறுதிக்கோட்டுக்கும் இடைப்பட்ட தொலைவை ஆண்டுகளால் வகுப்பது பரவலான வழக்கம். அப்படங்களின் ஒரு புள்ளி 30 மீட்டர். 30 ஆண்டு இடைவெளியில் ஒரு புள்ளி பிசகினாலே ஆண்டுக்கு 1 மீட்டர் அரிப்பு தோன்றிவிடும். அவ்வாறிருக்க, வீதத்தை இரண்டு தசம இடங்கள் வரை எழுதுவது எதன் துல்லியம்? அவ்வீதத்தை அப்படியே 2100 வரை நீட்டுவது மேலும் ஐயத்திற்குரியது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் வண்டலின் ஒரு பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. கழிமுகத்தை ஆக்கிய ஆறும் இன்றைய ஆறும் ஒன்றல்ல.

வெள்ளக் கணிப்பில் சிக்கல் கூடுகிறது. உயர வரைபடத்தில் 1 மீட்டருக்குக் கீழுள்ள கட்டங்களையெல்லாம் நீலமாக்குவது எளிது. ஆனால் பலரும் கையாளும், 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுக்கப்பட்ட ரேடார் உயரத்தரவின் பிழையே சில மீட்டர் வரை செல்லும். தென்னை, சவுக்குத் தோப்புகளின் தலையையும் அது தரையாகக் காட்டக்கூடும். ஐபிசிசியின் 2021 அறிக்கை மிகை உமிழ்வு நிலையில் 2100க்குள் எதிர்பார்க்கும் உலகச் சராசரி உயர்வோ 0.63 முதல் 1.01 மீட்டர். அளக்கப்படும் பொருளைவிட அளவுகோலின் பிழை பெரிது.

இவ்வாய்வுகள் பெரும்பாலும் தொடாத இடம் வடிகால். பழைய தஞ்சை மாவட்டத்தின் கடைமடையில், அதாவது இன்றைய நாகை, திருவாரூர்ப் பகுதிகளில், கடல் மணல்மேட்டைத் தாண்டித்தான் வரவேண்டும் என்பதில்லை. அடப்பாறு, வெள்ளையாறு, வளவனாறு, அரிச்சந்திரா நதி ஆகியவற்றின் வழியே அது ஏற்கெனவே உள்ளே வருகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது சம்பா வயல்களின் நீர் அவற்றின் வழியேதான் வடிந்தாக வேண்டும். முகத்துவாரத்தில் கடல்மட்டம் உயர்ந்திருந்தால் வடிதல் தடைப்படும். கரைக்கோடு ஓரடிகூட நகராமலே பயிர் அழுகும். கோடையில் இதே வழியில் உவர்நீர் மேலேறும்.

வெண்ணாற்று உட்படுகைக்கென ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் 2016இல் ஒப்புதல் பெற்ற திட்டம் இவ்வாறுகளையே எடுத்துக்கொண்டது. கடைமடை நீரொழுங்கியின் கதவு திறந்து பயன் தருவது உள்நீர் கடல்நீரைவிட உயர்ந்திருக்கும் பொழுதில் மட்டுமே. கடல் 10 செ.மீ. உயர்ந்தால் அப்பொழுதில் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் குறையும், அதனால் வயலில் நீர் கூடுதலாக எத்தனை நாள் நிற்கும் என்பவற்றை ஓத அளவையும் ஆற்றின் குறுக்குவெட்டு அளவையும் கொண்டு கணிக்க இயலும். அதற்குச் செயற்கைக்கோள் படம் மட்டும் போதாது. ஆற்றில் இறங்கி அளக்க வேண்டும்.