துறவியின் ஆசையா, மடாதிபதியின் ஆசையா?

அயர்லாந்தின் பழஞ்சமயப் பாடல்களுள் ஒன்று மன்கான் என்னும் மடாதிபதியின் பெயரால் வழங்குகிறது. ஆஃபலிப் பகுதியில் லியத் என்னுமிடத்து மடத்தின் தலைவர் அவர். 665இல் கொள்ளைநோயில் மறைந்தார் என அந்நாட்டு ஆண்டுக் குறிப்புகள் கூறும். பாட்டின் மொழியோ அத்துணைப் பழையதன்று. சொல்லுருவங்களை ஆய்ந்தோர் அதனை ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் வைப்பர். எனவே மன்கான் அதனைப் பாடியிருத்தல் இயலாது.

இம்மட்டில் ஆராய்ச்சி முடிந்ததெனக் கொண்டு பெயரைக் களைந்தெறிவாருடன் நமக்கு உடன்பாடில்லை. அரபுக் கவிதையிலும் இவ்வழக்கு உண்டு. பழங்கவிஞர் தலையில் பிற்காலத்தார் ஏற்றிய பாக்களை இப்னு ஸல்லாம் அல்ஜுமஹீ அன்றே கடிந்துரைத்தார். ஆயின் அங்கே புனைந்தோர் தம் குலப்பெருமை நாடினர். இங்கே பெயர் சூட்டியவர் நாடியது யாது? அவர் பாட்டைச் செவ்வனே படித்தவர் என்பதே நம் துணிபு.

1904இல் இதனைப் பதிப்பித்த கூனோ மேயர், 1911இல் தம் மொழிபெயர்ப்புத் தொகுப்பில் 'துறவியின் பாட்டு' எனப் பெயரிட்டார். அதுமுதல் இது தன்னந்தனியன் ஒருவனின் ஏக்கமாகவே போற்றப்படுகிறது. தொடக்கமும் அதற்கு இடந்தருகிறது: கானகத்தே மறைவான சிறுகுடில், அருகே தெளிந்த நீர், சூழப் பறவைகள் அடையும் மரங்கள், தென்முகமாய் வெயில். இவற்றைத் தேவகுமாரனிடம் வேண்டுகிறான்.

அடுத்து வருவதை இரசிகர்கள் விரைந்து கடந்துவிடுகின்றனர். அடக்கமுள்ள சீடர் வேண்டுமாம், எத்தனை பேர்? நான்கு மும்மூன்று, மூன்று நந்நான்கு என எவ்வாறு கூட்டினும் பன்னிருவர்! தன்னையும் சேர்த்தால் பதின்மூவர். இயேசுவும் சீடரும் என்ற கணக்கு. தொழுகைக்கு வெண்துகில் விரித்த ஆலயம், வேதத்தின்மேல் ஒளிரும் மெழுகுவர்த்தி, உடல்நலம் பேண அனைவர்க்கும் ஓர் இல்லம். பின்னர் லீக் எனும் வெங்காயப் பூண்டு, கோழி, சால்மன் மீன், தேனீ! இது குடிலா, மடத்தின் வரைபடமா?

இத்தகைய இயற்கைப் பாக்கள் காட்டுத் துறவியருடையன அல்ல, நிலைபெற்ற மடங்களின் கற்றறிந்த குருமார் ஆக்கியவை என 1989இல் டொனகா ஓ கொராய்ன் வாதிட்டார். வாதம் வலிது. ஆனால் அவ்வேக்கம் பொய்யென்று நாம் சொல்லோம். பதின்மரைப் பேணும் பொறுப்புடையவனுக்கே தனிக்குடிலின் அருமை தெரியும். மடாதிபதி ஒருவரின் பெயரை இப்பாட்டின்மேல் வைத்தவர் இதனை உணர்ந்திருத்தல் வேண்டும்.

ஆளும் உணவும் ஆடையும் எண்ணி முடித்தபின், இறுதியில் தனக்கென அவன் கேட்பது ஒன்றே: எவ்விடத்தும் சிறிது நேரம் அமர்ந்து இறைவனை வேண்டியிருத்தல். சிறிது நேரமே.