உப்புக்காற்றில் ஒரு மாருதி

1983 டிசம்பரில் முதல் வண்டி விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன மாருதி 800 என்னும் சிற்றூர்தியை, இன்றும் ஒருவன் சிக்கனமாக வைத்து ஓட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு, காயல்பட்டினத்தில் ஒரு 1998ஆம் வருஷத்து வண்டியைக் கட்டிக் காக்கிறவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது, எஞ்சினைக் குறித்து அஞ்சாதீர்கள், தகரத்தைக் குறித்து அஞ்சுங்கள் என்பதே.

796 சி.சி. கொண்ட அந்த மூன்று சிலிண்டர் எஞ்சின், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் பில்டரும் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, டைமிங் பெல்ட்டை அறுந்துபோகும்வரை விட்டுவைக்காமல் இருந்தால், வேறொரு உபசாரமும் வேண்டுவதில்லை. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கத் தொடங்கிய பிறகு, பழைய ரப்பர் ஹோஸ்களை அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். சென்ற வருஷத்து என் கணக்கேட்டில் எஞ்சினுக்கு 4,200 ரூபாய். டிங்கருக்கும் பெயின்டருக்குமாக 17,500.

இந்த விபரீதத்திற்குக் காரணம், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஆறுமுகநேரி உப்பளங்களுமாக அமைந்த ஊரின் காற்றேயன்றி வண்டியின் வயதல்ல. கதவின் அடிவிளிம்பில், மழைநீர் வடிவதற்கென்று சுண்டுவிரல் நுனிகூட நுழையாத துவாரங்கள் சில உண்டு. மணலும் இலைத்தூளும் அவற்றை அடைத்துக்கொண்டால், உள்ளே தேங்கும் உப்புநீர் தகட்டை உட்புறத்திலிருந்தே அரித்து, பெயின்ட் கொப்புளித்து நமக்குப் பிரத்தியட்சமாகும்போது காரியம் மிஞ்சிவிட்டிருக்கும். துருவின்மேல் பட்டி பூசிப் பளபளப்பாக்கித் தந்த ஒரு பட்டறைக்காரரின் வேலை, பதினோராவது மாதத்தில் அப்பளமாகப் பெயர்ந்து விழுந்தது. அழுகிய இடத்தை வெட்டியெறிந்து புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்வதே உத்தமம். கூலி இரட்டிப்பானாலும் அதுவே மலிவு.

2023 டிசம்பரில், ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை இவ்வூரில் கொட்டித் தீர்த்தபோது, வண்டி இருக்கை மட்டத்துக்கு நீரில் நின்றது. வடிந்ததும் சாவியோடு ஓடிய என்னை, "காக்கா, ஸ்டார்ட் மட்டும் பண்ணிராதிய!" என்று எங்கள் மெக்கானிக் தடுத்திராவிட்டால், சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்க மறுத்து கனெக்டிங் ராடை வளைத்திருக்கும். அவர் பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றி, பால்காப்பி நிறத்திலிருந்த ஆயிலை இருமுறை மாற்றிய பின்பு, மூன்றாம் நாள் வண்டி இருமிக்கொண்டு உயிர்பெற்றது. தரைவிரிப்பின் அடியிலிருந்த பஞ்சு காயாததால் அடித்தகட்டில் பிடித்த துருதான் இன்றளவும் என்னை வாட்டுகிறது.

சர்க்காருக்கும் ஒரு பங்கு உண்டு. 2018இல் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ஆகி, 2025 ஆகஸ்டு அறிவிப்பின்படி இருபது வருஷம் கடந்த கார்களுக்கு 10,000 ஆயிற்று. வண்டியை விற்றால் வரக்கூடிய கிரயத்தில் அது கணிசமான பாகம். என்னுடைய அடுத்த தவணை 2028. அடித்தகடு அதுவரை தாங்குமானால் கட்டிவிடுவதாக இருக்கிறேன், தாங்குவதற்காக ஒரு கொண்டை ஊசியைச் சாவிக்கொத்திலேயே மாட்டி வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் கதவுத் துவாரங்களைக் குத்திக்கொண்டிருக்கிறேன்.