பத்திரிகைச் சரித்திரமும் படச்சுருளும்

பத்திரிகைத் தொழிலைப் பொருளாகக் கொண்டு சரித்திரப் படம் எடுக்கப் புகுகிறவருக்கு எதிர்ப்படும் முதற் சங்கடம், அத்தொழிலின் சாரமான காரியங்களில் ஒன்றேனும் கண்ணுக்கு விருந்தாகாது என்பதே. யுத்தத்தைப் படமாக்குகிறவருக்குக் குதிரையும் புழுதியும் உண்டு; ராஜசபையைக் காட்டுகிறவருக்குப் பட்டும் மகுடமும் உண்டு; நிருபரோ தொலைபேசியில் பேசுகிறார், குறித்துக்கொள்கிறார், பதில் கிடைக்காமல் மறுபடியும் பேசுகிறார், பிறகு உட்கார்ந்து எழுதுகிறார். இந்த வறட்சிக்குப் பரிகாரமாக அமெரிக்க டைரக்டர்கள் கண்ட உபாயம், மேஜை, காகிதம், அச்சு யந்திரம் முதலிய ஜடப் பொருள்களைச் சரணடைவது. அப்பொருள்களிடம் காட்டிய விசுவாசத்தை அவர்கள் மனிதர்களிடமும் காட்டினார்களா என்பதே, இப்படங்களைச் சேர்த்து நோக்கும்போது என் மனத்தில் எழும் வினா.

ஆர்ஸன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ (1941) இவ்வரிசையில் முதலாவதாகப் பேசப்படுவது வழக்கம். பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட் அதில் தம்மைக் கண்டு சினந்து, தம் ஏடுகளில் அப்படத்தைப் பற்றிய பிரஸ்தாபமே கூடாதென்று தடுத்தது பிரசித்தம். ஆனால் அது ஒரு தனி மனிதனின் வாழ்வையும் வீழ்ச்சியையும் சொல்லும் கதை. பத்திரிகை அலுவலகம் அதில் நாயகனின் இளமைக்கு மேடையாகி நின்றுவிடுகிறது. ஆதலின் அதை இங்கே விட்டுவிடலாம்.

பத்திரிகையையே நாயகனாக்கியவர் ஸாமுவேல் ஃபுல்லர். பையனாக இருந்தபோதே நியூயார்க் பத்திரிகைகளில் ஏவல் வேலை பார்த்து, மீசை அரும்பும் வயதில் குற்றச் செய்தி நிருபராக உயர்ந்த அவர், 1880-களின் பத்திரிகைத் தெருவை ‘பார்க் ரோ’ (1952) என்ற பெயரில் படமாக்க விரும்பினார். ஸ்டூடியோ அதிபர் ஸானுக் அதை வர்ணங்களோடு கூடிய சங்கீதப் படமாக்கலாம் என்று யோசனை கூறவே, ஃபுல்லர் அதற்கு இணங்காமல், தாம் சம்பாதித்து வைத்திருந்த 2 லட்சம் டாலரைப் போட்டுத் தாமே தயாரித்து, அப்பணத்தை இழந்தார். காமிராவில் மேல்மாடிகள் விழப்போவதில்லை என்று தெரிந்தும் கட்டடங்களை நான்கு மாடி உயரத்துக்கு எழுப்பச் செய்த மனிதர் அவர்! ஈயத்தை உருக்கி எழுத்துகளை வரி வரியாக வார்த்துத் தரும் லைனோடைப் யந்திரத்தை மெர்கந்தாலர் உருவாக்குவதும், அச்சுக்கோப்பவர்கள் கையில் கிடைத்த காகிதத்திலெல்லாம் அச்சடிப்பதும், தெரு நெடுகக் கைகலப்பின் பின்னாலேயே காமிரா ஓடுவதும் இன்றும் ரஸமாகவே இருக்கின்றன. ஆயினும் சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டிய பெருமை உண்மையில் 1885-இல் புலிட்ஸரின் ‘வேர்ல்ட்’ பத்திரிகையைச் சேர்ந்தது. ஃபுல்லரோ அதைத் தம் கற்பனை ஆசிரியருக்கு அளித்துவிட்டார். கட்டடத்தில் ஒரு மாடியைக்கூடக் குறைக்க மனமில்லாதவர், சரித்திரத்தை இவ்வளவு தாராளமாகக் கையாண்டது வேடிக்கைதான்.

இந்த முரண்பாடு உச்சத்தை எட்டியது, கலையும் உச்சத்தை எட்டிய ஒரு படத்தில். வாட்டர்கேட் விவகாரத்தை வெளிக்கொணர்ந்த வாஷிங்டன் போஸ்ட் நிருபர்கள் வுட்வர்டும் பெர்ன்ஸ்டைனும் எழுதிய நூலை ஆலன் பாக்குலா 1976-இல் ‘ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்’ என்று படமாக்கினார். கலை இயக்குநர் ஜார்ஜ் ஜெங்கின்ஸ், போஸ்டின் செய்திக்கூடத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, பர்பாங்க் ஸ்டூடியோவில் அதன் பிரதிபிம்பத்தை நிறுவினார். 1971-இல் அப்பத்திரிகைக்கு மேஜை விற்ற கம்பெனியிடமே ஏறக்குறைய 200 மேஜைகள் வாங்கி, அதே வர்ணம் பூசினார்கள். அலுவலகக் குப்பையையும் பெட்டி பெட்டியாகக் கட்டி, கண்டத்தின் மறுகரைக்குக் கொண்டுசென்றார்கள்.

பாக்குலாவும் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸும் இவ்வளவு பொருள்களைக் குவித்துவிட்டு, அவற்றின் நடுவே தொழிலின் வறட்சியையே துணிந்து காட்டினார்கள் என்பதில்தான் படத்தின் சிறப்பு இருக்கிறது. வுட்வர்டாக நடித்த ராபர்ட் ரெட்ஃபோர்ட் தொலைபேசியில் பேசும் ஒரு காட்சி சுமார் ஆறு நிமிஷம் வெட்டே இல்லாமல் நீள்கிறது. பின்னால் ஒரு கூட்டம் தொலைக்காட்சிப் பெட்டியைச் சூழ்ந்து நிற்க, காமிரா கண்ணுக்குத் தெரியாத நிதானத்தோடு அவர் முகத்தை நெருங்குகிறது. நடுவே நடிகர் ஒரு பெயரை மாற்றிச் சொல்லிவிட்டு, பாத்திரத்தினின்று வழுவாமல் அதைத் திருத்திக்கொள்கிறார். அந்தப் பிசகையும் டைரக்டர் அப்படியே வைத்துக்கொண்டார். தடுமாற்றமும் தொழிலின் அங்கம் என்பதை உணர்ந்தவரே இப்படிச் செய்ய முடியும். படத் தொடக்கத்தில் டைப்ரைட்டரின் ஓசையோடு துப்பாக்கி வேட்டையும் சவுக்கடியையும் கலந்த தந்திரத்தை, அதனோடு ஒப்பிட்டால், சற்று மலிவானது என்றே சொல்வேன்.

குப்பையைக்கூடக் கைவிடாத அப்படத்தில், அரசாங்கத்தின் கோபத்தை நேர் நின்று தாங்கிய உரிமையாளர் காதரின் கிரஹாம் அம்மையார் ஒரு காட்சியிலும் தோன்றவில்லை. நிருபர் இருவரையும் அன்றாடம் வழிநடத்திய உள்ளூர்ச் செய்தி ஆசிரியர் பாரி ஸஸ்மனுக்கும் இடமில்லை. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட கதையில் எல்லோரையும் அடைக்க முடியாது என்ற சமாதானம் நியாயமானதே. என்றாலும் யார் விடப்படுகிறார் என்பதில் ஓர் அபிப்பிராயம் ஒளிந்தே இருக்கிறது.

பாஸ்டன் குளோபின் 2001-ஆம் ஆண்டைக் காட்டிய ‘ஸ்பாட்லைட்’ (2015), அலங்காரமின்மையையே அலங்காரமாகக் கொண்டு, சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசையும் பெற்றது. அதில் பொருள்கள் அடக்கமாகப் பின்னே நிற்க, மனிதர்கள் முன்னே வருகிறார்கள்.

கிரஹாம் அம்மையாருக்கு நேர்ந்த அநீதியை 41 ஆண்டுகள் கழித்து ஸ்பீல்பெர்க் ‘தி போஸ்ட்’ (2017) மூலம் சரிசெய்ய முயன்றார். வியட்நாம் யுத்தத்தைப் பற்றிய அரசாங்க ரகசியங்களான பென்டகன் ஆவணங்களை வெளியிடலாமா என்று வக்கீல்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நடுவே அந்த அம்மையார் தத்தளிப்பதை மெரில் ஸ்ட்ரீப் நடித்த நயம் பாராட்டத் தக்கது. உலோக எழுத்துகள் கோக்கப்பட்டு, யந்திரம் சுழல, கட்டடமே அதிரும் காட்சியில் ஃபுல்லரின் பழைய மோகமும் திரும்பி வருகிறது. ஆனால் அந்த ஆவணங்களை முதன்முதல் பெற்றவர் நியூயார்க் டைம்ஸின் நீல் ஷீஹன். முதலில் வெளியிட்டதும், 1971 ஜூன் 13-இல், அந்தப் பத்திரிகையே. அதன்மேல் தடை விழுந்த பிறகு, 18-ஆம் தேதிதான் போஸ்ட் களத்தில் இறங்கியது. ஜூன் 30-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பத்திரிகைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. படத்தில் இவையெல்லாம் சொல்லப்படாமலில்லை. எனினும் ஷீஹன் சில கணங்கள் தோன்றி மறைகிறார், போஸ்ட்காரர்கள் பொறாமையோடு எட்டிப் பார்க்கும் பக்கத்து வீடாக டைம்ஸ் நின்றுவிடுகிறது. டைம்ஸின் பழைய ஊழியர்கள் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார்கள். இந்த ஆவணங்களை வெளியிட்டதற்காக 1972-இல் பொதுச் சேவைக்கான புலிட்ஸர் பரிசு அவர்களுடைய பத்திரிகைக்கே அளிக்கப்பட்டது என்பதை நினைத்தால், அந்த வருத்தத்தைக் குறை சொல்ல இடமில்லை.