எப்படிப் பெயரிடுவது? – ஜாஸ் இசைத்தட்டுகளும் எல்லைத் தமிழர் செவியும்

எல்லைப் பகுதித் தமிழரின் இசை ரசனை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். ஒன்று, கல்பாத்தித் தேர்த் திருவிழாவையொட்டிய கர்நாடக இசைக் கச்சேரிகள். மற்றொன்று, தேயிலைத் தோட்ட லயங்களில் கேட்கும் சினிமாப் பாட்டு. இவ்விரண்டுக்கும் நடுவே ஜாஸ் இசையையும் சோதனை இசையையும் தட்டு வாங்கிக் கேட்கும் ஒரு சிறு கூட்டம் நம்மிடையே உண்டு. சித்தூரில் பிறந்து, பணி நிமித்தம் மூணாறில் பல ஆண்டுகள் கழித்த நானும் அக்கூட்டத்தில் ஒருவன். எங்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று இருக்கிறது. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்?' (1986) தட்டை ஜாஸ் வரிசையில் வைப்பதா, கூடாதா என்பதே அது. அவ்வழக்கில் என் தரப்பை இங்கே எடுத்து வைக்கிறேன்.

வாசலுக்கு வந்த ஜாஸ்

அமெரிக்கக் கறுப்பின மக்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வளர்த்தெடுத்த ஜாஸ், நம் வீடுகளுக்குச் சினிமா வழியாகத்தான் வந்தது. கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் நம் பாலக்காட்டு எலப்புள்ளியில் 1928-இல் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதன். பிறப்பால் மலையாளி, தமிழர்களுக்கோ மெல்லிசை மன்னர். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த 'கலைக்கோவில்' (1964) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிட்டிபாபுவின் வீணை ஒலிக்கும் அதே படத்தில், எல்.ஆர். ஈஸ்வரி ஒரு பாட்டை முழு ஜாஸ் நடையில் பாடுகிறார். அதே ஆண்டு வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஒலிப்பதிவுக் கூடமே திரையில் வருகிறது. எம்.எஸ்.வி. கையசைக்க, டி.எம். சௌந்தரராஜன் பாட, வாத்தியக்காரர்களை நாம் கண்ணால் பார்க்கிறோம். 'ஜாஸ் எங்களுக்குப் புரியாதுங்க' என்று சொல்லும் நம் பெரியவர்கள் இந்தப் பாட்டுகளுக்குத் தாளம் போட்டவர்கள்தாம். காது பழகியிருந்தது, பெயர்தான் தெரியவில்லை.

இடுக்கிப் பக்கம் வேறு கதை. மலைக்கு அந்தப்புறம், தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராஜன், 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகத் தோட்டத் தொழிலாளரிடையே பாடினார். அண்ணனின் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றிப் பாடிப் பழகிய தம்பிதான் இளையராஜா. பின்னர் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்றார். ஹௌ டு நேம் இட் தட்டை எங்கள் பக்கத்தார் தம் வீட்டுச் சொத்தாகக் கருதுவதற்கு இந்த உறவும் ஒரு காரணம். ஆனால் உறவு வேறு, மதிப்பீடு வேறு.

ஜாஸ் என்றால் என்ன?

ஒரு மெட்டை முதலில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக, அந்த மெட்டின் அடியில் ஓடும் சுரக்கட்டுகளின் சுழற்சியைப் பற்றிக்கொண்டு, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். கடைசியில் மீண்டும் மெட்டுக்கு வந்து முடிப்பார்கள். இதுவே ஜாஸ் இசையின் பொதுவான வடிவம். கச்சேரி கேட்கும் குடும்பங்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பல்லவி வரியை எடுத்துக்கொண்டு நிரவலும் கற்பனாசுரமும் செய்து எடுப்புக்குத் திரும்புகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, அளவைக் குறைத்துக்கொண்டே வரும் 'குறைப்பு' உண்டல்லவா? ஜாஸ் கலைஞர்கள் நான்கு நான்கு பட்டையாக மாற்றிக்கொண்டு வாசிப்பது அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். இரண்டுக்கும் உயிர் மனோதர்மம்.

இந்த உறவை முழுதாகக் காட்டிய தட்டு 'சக்தி' குழுவின் முதல் தட்டு. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்துச் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் ரசிகர்கள் முன்னிலையில் பதிவானது, 1976-இல் வெளிவந்தது. ஜான் மெக்லாக்லின் கிதார், எல். சங்கர் வயலின், ராமநாதபுரம் வி. ராகவன் மிருதங்கம், டி.எச். விநாயக்ராம் கடம், ஜாகிர் உசேன் தபேலா. இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி. ஏறத்தாழ 29 நிமிடம். வயலினும் கிதாரும் துரத்திப் பிடித்து விளையாடுவதைக் கேட்டால், அடுத்த நொடி என்ன வரும் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாது என்பது புரியும். வேகம் சில இடங்களில் வெறும் வித்தையாகிவிடுகிறது என்பது என் குறை. ஆனாலும் இது ஜாஸ்தான்; கச்சேரியும்தான்.

எழுதி முடித்த இசை

இப்போது ஹௌ டு நேம் இட். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தட்டு. பத்து உருப்படிகள், தனி வயலின் வி.எஸ். நரசிம்மன். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' உருப்படியில் பாக்கின் மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பு ஒலிக்கிறது. கமகம் கொண்ட நம் வயலின் நடை அதனோடு உரையாடுகிறது. இன்னொரு உருப்படி, பெயரிலேயே சொல்வதுபோல், ஃபியூக் வடிவம். ஒரு குரல் தொடங்கிய மெட்டை மற்றொரு குரல் வேறு சுருதியில் தொடர்ந்து பற்றிக்கொண்டு செல்லும் அந்த வடிவத்தில், ஒவ்வொரு சுரமும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும். யாராவது இஷ்டத்துக்கு ஒரு சுரம் கூட்டினால் கட்டடம் சாய்ந்துவிடும்.

ஆகவே என் தீர்ப்பு: இது ஜாஸ் அன்று. 'கமகம் இருக்கிறதே, அது மனோதர்மம் ஆகாதா?' என்று மூணாறில் இளைஞர் ஒருவர் வாதாடினார். 'கமகம் உச்சரிப்பு, தம்பி. உச்சரிப்பு அழகாக இருந்தால் பேச்சு சொந்தமாகிவிடுமா?' என்றேன். அவர் விடவில்லை: 'அப்ப இதைக் கீழே இறக்கிட்டீங்களா, சார்?' நல்ல கேள்வி. இல்லை என்பதே என் பதில். ஒரு கீர்த்தனையை அதில் கற்பனாசுரம் இல்லை என்று யாராவது குறைத்து மதிப்பிடுவார்களா? கட்டுக்கோப்புதான் இத்தட்டின் பெருமை. பாலு மகேந்திரா 'வீடு' (1988) படத்துக்குப் பின்னணியாக இந்த இசையையே எடுத்துக்கொண்டார். அந்த எளிய குடும்பக் கதைக்கு இது பொருந்தியதே இதன் நிதானத்துக்குச் சான்று.

அடுத்த தட்டான 'நத்திங் பட் விண்ட்' (1988) எனக்கு அத்தனை உவப்பில்லை. ஹரிபிரசாத் சௌராசியா ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரிக்க வல்லவர். அவருடைய புல்லாங்குழலை எழுதி வைத்த பட்டைகளுக்குள் நடத்தும்போது இனிமை குறையவில்லை. மூச்சுதான் அளந்து விடப்படுகிறது.

சேர்ப்பதும் கேட்பதும்

தட்டு சேர்ப்போர் இன்று முதல் பதிப்பா, உறை கிழியாமல் உள்ளதா என்றே பேசுகிறார்கள். விலையும் ஏறிவிட்டது. நம் பகுதியில் தட்டுக்கு இரண்டு பகைவர். பாலக்காட்டு வெயிலில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். இடுக்கி ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். செங்குத்தாக நிறுத்தி, உள்ளுறை மாற்றி வைத்தால் பிழைக்கும். ஆனால் கேட்கப்படாத தட்டு பிழைத்தும் பயனில்லை. நான் கண்ட வீடுகள் சிலவற்றில் தாத்தாவின் தட்டுகள் பழைய பேப்பர்க்காரரிடம் போய்விட்டன. என்ன இசை என்று பேரனுக்கு யாரும் சொல்லவில்லை. 'ஏதோ இங்கிலீஷ் பாட்டு' என்று போட்டுவிட்டான்.

'ஃப்யூஷன்' என்ற சொல்லை நான் எதிர்ப்பதும் இதனால்தான். சக்தியையும் ராஜாவையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட அது உதவுகிறது. இரண்டையும் பிரித்துக் கேட்க உதவுவதில்லை. 'நீங்கள் தமிழா, மலையாளியா?' என்று படிவத்துக்குப் படிவம் கேட்கப்படும் நமக்கு, அவசரப் பெயர்களால் எதெல்லாம் விடுபட்டுப் போகும் என்பது தெரியாதா? ராஜா தம் தட்டின் பெயரையே கேள்வியாக விட்டது வெறும் குறும்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

2024 பிப்ரவரியில் சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்' கிராமி விருது பெற்றது. அதில் பாடிய சங்கர் மகாதேவன் மும்பையில் வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவர். செய்தியைப் பகிர்ந்து மகிழ்ந்தோம். எத்தனை பேர் அத்தட்டை முழுதாகக் கேட்டோம்?

சங்க அன்பர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. அடுத்த ஆண்டு விழாவில் அரை மணி நேரம் ஒதுக்குவோம். முதலில் எம்.எஸ்.வி.யின் அந்தக் கலைக்கோவில் பாட்டு, அடுத்து சக்தி முதல் தட்டிலிருந்து பத்து நிமிடம், பிறகு 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. எது எழுதியது, எது அந்த நேரத்தில் பிறந்தது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்வோம். விளக்கவுரை யாரும் ஆற்ற வேண்டாம், நான் உட்பட.