மல்லாட்டை

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கம் வேர்க்கடலை என்பது ஏட்டு வழக்கு. வாயில் வருவது மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனது. அக்கம்பக்கத்து விழுப்புரம் மாவட்டச் சந்தைச் செய்திகளில் இன்றும் 'மணிலா வரத்து' என்றே எழுதுகிறார்கள். பயிரின் பிறப்பிடம் தென் அமெரிக்கா, பிலிப்பைன்ஸ் நகரான மணிலாவுக்கு இந்தப் பெருமை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அமெரிக்கப் பயிர்கள் பல ஆசியாவில் கால்வைத்தது அவ்வழியேதான். பிறந்த வீட்டை மறந்தாலும், வந்த வழியை இந்தப் பெயர் மறக்கவில்லை. அந்த நினைவுக்காகவே இதைப் போற்ற வேண்டும்.

வேர்க்கடலை என்பதே பொருத்தமான பெயர் என்போரும் உண்டு. ஆனால் காய் வேரில் காய்ப்பதே இல்லை! மேலே பூக்கும் மஞ்சள் பூ கருவுற்றதும் ஊசிபோல ஒரு காம்பு கீழிறங்கி மண்ணைத் துளைக்கும். அதன் நுனிதான் இருட்டில் காயாகத் திரளும். வயலில் இதைவிட அழகான வேலையைச் செய்யும் செடி வேறில்லை. மண் பொலபொலவென்று இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். வந்த வழி மட்டுமல்ல, போன வழியும் இதற்கு உண்டு: 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சின் மார்செய் நகர எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கப்பலேறியது இந்த மல்லாட்டைதான்.