நாயின் நோயும் நமது விமர்சனமும்

நமது எழுத்தாளர் கூட்டங்களில் ஒரு கதையைத் தள்ளுவதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் மிகவும் எளிதானது, 'இது சமூகப் பிரச்சினை அன்று' என்பதாகும். ஒட்டுசுட்டானில் படிப்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவரின் சிறுகதைக்கு அண்மையில் இந்தத் தீர்ப்பே கிடைத்தது. கதை ஒரு விவசாயியையும் புற்றுநோய் கண்ட அவரது நாயையும் பற்றியது. கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் நண்பர் ஒருவர், 'மனிதனுக்கே வைத்தியம் எட்டாத ஊரில் நாய்க்கு வைத்தியமா? இது மத்தியதர வர்க்கத்தின் செல்லப்பிராணி மோகம்' என்று குறித்திருந்தார்.

நண்பர் நேர்மையானவர். அவரது கேள்வியை நாம் புறக்கணிக்கவில்லை. ஒட்டுசுட்டானில் ஒரு தாய்க்குப் புற்றுநோய் கண்டால் அவள் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோதான் போகவேண்டும். வழிச்செலவுக்கு நகையை ஈடு வைக்கும் குடும்பங்களை நாமும் அறிவோம். ஆனால் கேள்வி நியாயமானது என்பதனால் தீர்ப்பும் நியாயமாகிவிடாது.

செல்லப்பிராணி என்ற சொல்லே முதலில் நம்மை ஏமாற்றுகிறது. அது நகரத்தின் சொல். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பாதையில், முத்தையன்கட்டுக் குளத்தை நம்பி வயல் செய்யும் குடியானவனுடைய நாய் மெத்தையில் உறங்குவதில்லை. காட்டை ஒட்டிய வயலில் கதிர் முற்றும் காலத்தில் பன்றி வருகிறது, யானை வருகிறது. கொட்டிலில் காவல் கிடக்கும் மனிதன் கண்ணயர்ந்த வேளையிலும் நாயின் காது விழித்திருக்கிறது. அதற்குக் கூலி, மிஞ்சிய சோறும் மீன்தலையும். உழைப்பைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் இந்த உழைப்பை ஏன் கணக்கில் எடுப்பதில்லை?

இலக்கிய மரபும் இவ்விடயத்தில் நமக்கு அதிகம் உதவவில்லை. மணிவாசகர் தம்மைத் தாழ்த்திக் கூற நாயையே அளவுகோலாகக் கொண்டார். 'நாய்ப் பிழைப்பு' என்று இன்றும் திட்டுகிறோம். நாலடியார் மட்டும் விதிவிலக்கு. பல நாள் பழகிய பாகனையே கொல்லும் யானையைவிட, எறிந்த வேல் உடலில் நிற்கவும் வாலாட்டும் நாயைப் போன்றவரின் நட்பே மேல் என்கிறது அது. அங்குங்கூட நாய் ஓர் உவமைதான். நாய்க்குப் பசி உண்டு, புண் உண்டு, வலி உண்டு என்ற நினைவு அந்த உவமைக்குள் இல்லை.

உரைநடைதான் நாயைத் தரைக்குக் கொண்டுவந்தது. துர்கனேவ் 1852இல் காவலில் வைக்கப்பட்டிருந்தபோது எழுதிய 'முமூ' கதையில், பேசவும் கேட்கவும் இயலாத பண்ணையடிமை கெராசிம், எஜமானியின் கட்டளைக்காகத் தன் ஒரே துணையான நாயைத் தன் கையாலேயே ஆற்றில் மூழ்கடிக்கிறான். பண்ணையடிமை முறையைப் பற்றி நூறு பிரசுரங்கள் சொல்லக்கூடியதை அந்தச் சிறு நாய் சொல்லிவிட்டது. பிரேம்சந்தின் 'பூஸ் கீ ராத்' 1930இல் வெளிவந்தது. கம்பளிக்குச் சேர்த்த மூன்று ரூபாயையும் கடனுக்குக் கொடுத்துவிட்ட ஹல்கு, மார்கழிக் குளிரில் ஜப்ராவைக் கட்டி அணைத்துக்கொண்டு வயற்காவல் கிடக்கிறான். அந்த நாற்றமடிக்கும் உடம்புதான் அவனுக்குக் கம்பளி. இக்கதையை முத்தையன்கட்டு விவசாயிக்குப் படித்துக் காட்டினால் அவர் எந்த உரையும் கேட்கமாட்டார். கம்யூனிஸ்டான நெரூடாவும் தமது நாயின் மரணத்தைப் பாடினார். அக்கவிதை அவர் மறைவுக்குப் பின் 1974இல் நூலில் வந்தது. அதைச் செல்லப்பிராணி மோகம் என்று எவரும் தள்ளியதாக நாம் கேள்விப்படவில்லை.

ஆக, நண்பரின் குறிப்பை முன்னோடிகளே மறுத்துவிட்டனர். ஆனால் கதாசிரியரிடமும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. அது இதைவிடக் கனமானது.

அவரது கதையில் நாய் செத்துப்போகிறது. விவசாயி அதைப் பாலைமரத்தடியில் புதைத்துவிட்டு அழுகிறார். கண்ணீர் வரத்தான் செய்கிறது. கதைக்கு மூலமான மனிதர் தம் ஊரிலேயே இருப்பதாக ஆசிரியர் கூறியபடியால், நாம் போய்ப் பார்த்தோம். முற்றத்தில் கறுப்பி என்ற அந்தப் பெட்டை நாய் படுத்திருந்தது. உயிரோடு!

நடந்தது இதுதான். நாயின் பின்புறத்திலிருந்து இரத்தம் சொட்டியது. பருவகாலம் என்று எண்ணிப் பேசாமல் இருந்தார்கள். வாரங்கள் சென்றும் நிற்கவில்லை. பூக்கோசு போல் ஒரு சதை வெளியே தெரிந்தது. வேப்பெண்ணெய் பூசிப் பார்த்தார்கள். அயலவர்கள் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடும்படி சொன்னார்கள். கடைசியில் அவர் நாயை உரப்பையில் கழுத்துவரை இட்டு, மகனின் மோட்டார் சைக்கிளில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார்.

வைத்தியர் இனங்கண்டது, கட்டாக்காலி நாய்கள் மிகுந்த வெப்ப நாடுகளில் பரவலாகக் காணப்படும் ஒரு புற்றுநோயை. இது விசித்திரமானது. மற்றப் புற்றுநோய்கள் நோயாளியோடு மடிகின்றன; இதன் உயிரணுக்களோ புணர்ச்சியின்போதும், நக்குவதாலும் முகர்வதாலும், ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக் குடியேறுகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் உடலில் தோன்றிய கட்டியின் வழித்தோன்றல்களே இன்று உலகெங்கும் உள்ளன என்பதை மரபணு ஆய்வுகள் நிறுவியிருக்கின்றன. அந்த ஆதி நாய் மடிந்துவிட்டது. அதன் நோய் இன்னும் உயிரோடு திரிகிறது. எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய கற்பனை வேண்டுமா?

அதனினும் முக்கியமானது, இந்நோய் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது என்பது. வாரம் ஒரு முறை, வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு, வின்கிரிஸ்டின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். நம் வீட்டு வேலியோரங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரிக்கப்பட்டு, 1963இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மருந்து அது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் அதையே கொடுக்கிறார்கள். மனிதனுக்கா நாய்க்கா என்று நண்பர் பிரித்த இடத்தில், ஒரே பூ இருவருக்கும் மருந்தாக நிற்கிறது.

எல்லா நாய்ப் புற்றுநோயும் இவ்வாறு தீரும் என்று நாம் சொல்ல வரவில்லை. எலும்பில் தோன்றுவது கொடியது. அங்கே பராமரிப்பு என்பது பெரும்பாலும் வலி தணிப்பதுதான். முலைக்கட்டிகளுட் பலவற்றைக் காலத்தே செய்யும் கருத்தடைச் சிகிச்சை வருமுன் தடுக்கும். கறுப்பிக்கு வாய்த்த நோய் நல்ல காலமாக இது.

ஆயினும் மருந்தோடு வேலை முடிவதில்லை. நரம்புக்கு வெளியே ஒரு துளி சிந்தினாலும் தசை வெந்து அழுகும். ஆகவே ஊசி ஏற்றும்போது நாயை அசையாமல் பிடிக்கவேண்டும். பிடித்தவர் விவசாயியின் மனைவி. வெண்குருதி அணுக்கள் குறைவதால் நாய்க்கு வேறு தொற்று வராமல் காக்கவேண்டும். அதன் மூத்திரத்தையும் மலத்தையும் வெறுங்கையால் தொடக்கூடாது. சாப்பிட மறுத்த நாட்களில் கஞ்சியில் கருவாட்டுத் தண்ணீர் கலந்து ஊட்டியவள் பள்ளிக்கூடம் போகும் மகள். ஊசிமருந்தை வவுனியாவிலிருந்து வாங்கி வந்தவன் மகன். இந்த வேலைப் பங்கீட்டில் ஒரு வரிகூடக் கதையில் இல்லை! விவசாயியின் கண்ணீர் மட்டுமே இருக்கிறது.

ஏன் நாயைக் கொன்றீர்கள் என்று ஆசிரியரைக் கேட்டோம். "பிழைத்தால் கதை இல்லையே, ஐயா" என்றார். இதுதான் நாம் கவலைப்படும் இடம். துர்கனேவின் நாய் சாவதற்கு ஒரு சமூகக் காரணம் உண்டு. எஜமானியின் சொல் அதைக் கொன்றது. திரயெபோல்ஸ்கியின் 'வெள்ளை பிம் கறுப்புக் காது' 1971இல் வெளிவந்தது. அந்த நாய் சாவதற்கும் மனிதரின் பொய்யும் அசட்டையும் காரணம். நம் ஆசிரியரின் நாயோ வாசகன் அழவேண்டும் என்பதற்காகச் செத்தது. புற்றுநோய் என்றால் மரணம் என்ற பழைய அச்சத்தை அவர் விசாரிக்காமல் ஏற்றுக்கொண்டார். கிராமத்தவன் கதியற்றவன் என்பதையும் அவ்வாறே ஏற்றுக்கொண்டார். அந்த விவசாயி கதியற்றவராக இருக்க மறுத்ததே உண்மையான சம்பவம். பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வன்னிக் காட்டையும் அதன் மனிதரையும் நாவலுக்குள் கொண்டுவந்தது. அந்த மண்ணிலிருந்து எழுதுவோர் இன்னும் நுணுகிப் பார்க்கவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது மிகையன்று.

நண்பரின் கேள்வியை நாம் விவசாயியிடமே வைத்தோம். அவர் கோபிக்கவில்லை. "மாஸ்டர், பண்டி வந்தா முதல் குரைக்கிறது இதுதான். இதுக்கு வருத்தமெண்டா நான் பாக்காமல் ஆர் பாக்கிறது?" என்றார். சற்றுப் பொறுத்து இன்னொன்றும் சொன்னார். 2009 தொடக்கத்தில் புதுக்குடியிருப்புப் பக்கம் இடம்பெயர்ந்தபோது, அப்போது இருந்த நாயை ட்ராக்டரில் ஏற்ற இடமில்லை. அது நெடுந்தூரம் பின்னால் ஓடி வந்ததாம். அதன் பெயரை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

நாம் போனது மூன்றாவது ஊசிக்குப் பிறகு. கட்டி பாதிக்குமேல் சுருங்கியிருந்தது. இரத்தம் நின்றுவிட்டது. நாய் எழுந்து வந்து நம் செருப்பை முகர்ந்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. ஐந்தாவது ஊசி அரிவு வெட்டு நாளில் விழுகிறது என்பதுதான் வீட்டாரின் அப்போதைய கவலை. வெட்டை ஒரு நாள் தள்ளுவதா, மகனை மட்டும் அனுப்புவதா என்று புருஷனும் மனைவியும் நம் முன்னாலேயே வாதாடிக்கொண்டிருந்தார்கள்.