நடுவயதும் நடைப்பயிற்சியும்: ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டு நகரங்களில் நடுவயதினர் மேற்கொள்ளும் உடல்நல முயற்சி பெரும்பாலும் நடைப்பயிற்சியாகத் தொடங்கி, நடைப்பயிற்சியோடு நின்றுவிடுகிறது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட ஒருவரின் ஆய்வக அறிக்கையில் சர்க்கரையோ கொழுப்போ எல்லையைத் தொட்டிருந்தால், மருத்துவர் மாத்திரைச் சீட்டோடு சேர்த்துச் சொல்லும் முதல் அறிவுரை நடக்க வேண்டும் என்பதே. அதை ஏற்றுச் செய்வதற்குப் பயிற்றுநரோ கட்டணமோ கருவியோ தேவையில்லை. ஒரு ஜோடி கேன்வாஸ் காலணியும், விடியற்காலையில் முக்கால் மணி நேரமும் போதும். இந்த எளிமைதான் நடைப்பயிற்சியின் தலையாய வலிமை. அதன் குறைபாடுகளில் பெரும்பாலானவையும் இதே எளிமையிலிருந்தே பிறக்கின்றன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

உடலை அசைத்து வாழ்பவருக்கு இதய நோய் குறைவு என்னும் கருத்துக்கு ஆய்வு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜெர்ரி மாரிஸ். அவர் நோய்ப்பரவலியல் அறிஞர். அதாவது, எந்த நோய் எந்த மக்கட்பிரிவில் எவ்வளவு காணப்படுகிறது, அதற்குக் காரணம் என்ன என்று ஆராயும் துறையைச் சேர்ந்தவர். லண்டனின் இரட்டையடுக்குப் பேருந்துகளில் நாள் முழுதும் உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிட, மாடிப்படிகளில் ஓயாமல் ஏறியிறங்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வருவதை அவருடைய குழு 1953இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் அதே குழுவினர் 1956இல் பேருந்து ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் கால்சட்டைகள் நடத்துநர்களுடையதைவிட இடுப்பில் அகலமாக இருந்ததும், இளம் வயது ஊழியர்களிடையேகூட அந்த வேறுபாடு காணப்பட்டதும் தெரியவந்தன. அப்படியானால் வேலை உடலை வேறுபடுத்தியதா, வேறுபட்ட உடல்வாகு உடையவர்கள் வெவ்வேறு வேலைக்குச் சென்றார்களா என்னும் கேள்வி எழுகிறது. இதைத் தெரிவுப் பிழை என்பர்: ஒப்பிடப்படும் இரு குழுக்களும் தொடக்கத்திலேயே வேறுபட்டிருப்பதால் விளையும் மயக்கம் இது. காலையில் பூங்காவைச் சுற்றி வருவோரைக் கண்டு நடையின் பயனை அளப்பவர்களும் இதே மயக்கத்துக்கு ஆளாகின்றனர். முழங்கால் தேய்ந்தவரும், இரவுப் பணி முடித்து அப்போதுதான் வீடு திரும்புபவரும் அந்தக் கூட்டத்தில் இருப்பதேயில்லை.

இந்த ஐயத்தைத் தீர்க்கும் வழி, பங்கேற்பவர்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து நெடுநாள் கண்காணிப்பதுதான். அத்தகைய ஆய்வொன்று சென்னையிலேயே மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியானது. இரத்தச் சர்க்கரை இயல்பைவிட உயர்ந்தும் நீரிழிவின் அளவை எட்டாமலும் இருந்த 531 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 46. வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளுக்குள் நீரிழிவு நோயாளிகளாயினர். உணவு மாற்றமும் நாள்தோறும் அரை மணி நேர விரைநடையும் வலியுறுத்தப்பட்ட குழுவில் இந்த அளவு 39 விழுக்காட்டளவில் நின்றது. மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை நோய் மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கும் ஏறத்தாழ இதே அளவு பாதுகாப்புக் கிட்டியது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பயன் விளையவில்லை.

இந்த முடிவில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, பழக்கங்களை மாற்றிக்கொண்ட குழுவினரின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலேயே இந்தப் பயன் கிடைத்தது என்பது. மூன்று மாதம் நடந்தும் எடை இயந்திரத்தின் முள் நகரவில்லை என்று சலித்து நடையை விட்டுவிடுகிறவர், தமக்குக் கிடைத்துக்கொண்டிருந்த பயனைத் தவறான அளவுகோலால் அளந்திருக்கிறார். இரண்டாவது செய்தி அவ்வளவு இனிமையானதன்று: முயற்சி செய்தும் நூற்றுக்கு 39 பேர் நோய்க்குள் சென்றனர். அமெரிக்காவில் எடைக் குறைப்பையும் இலக்காக வைத்து நடந்து 2002இல் வெளியான இதையொத்த ஆய்வில், பழக்கமாற்றம் நீரிழிவு வாய்ப்பை 58 விழுக்காடு குறைத்திருக்க, சென்னை ஆய்வில் அது 28.5 விழுக்காடாகவே இருந்தது. மக்களும் ஆய்வு முறைகளும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. ஆயினும் அரை மணி நேர நடையும் அளவான சோறும் தேவையானவை என்பதற்கு மேல், அவையே போதுமானவை என்று சொல்ல இந்த எண்கள் இடம்தரவில்லை.

எவ்வளவு நடப்பது என்னும் கேள்விக்குப் பொதுமக்களிடம் நிலைத்துவிட்ட விடை 10,000 அடிகள் என்பது. அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறக்கவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி எழுந்த ஆர்வத்தில், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் விளம்பரத்திலிருந்து உலகெங்கும் பரவியது. அமெரிக்காவின் முதிய பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வொன்று, நாளொன்றுக்கு 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதமே 2,700 அடி நடந்தவர்களைவிடக் கணிசமாகக் குறைந்திருந்ததையும், 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பயன் தென்படாததையும் கண்டது. சராசரி வயது எழுபதைக் கடந்திருந்த பெண்களிடம் கண்ட இந்த வரம்பை நாற்பத்தைந்து வயதினருக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது என்றாலும், பத்தாயிரத்தில் மந்திர ஆற்றல் ஏதுமில்லை என்பது தெளிவு. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் 8 கிலோமீட்டர் பாதைகளும் ஏறத்தாழ அதே பத்தாயிரம் அடிகளுக்கு ஈடானவை. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தாலும் அந்தத் தொலைவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அலுவலகம் ஓட வேண்டியவருக்கு அது அன்றாடம் கைகூடாது. நடப்பதற்கு நல்ல இடம் என்ற வகையில் அந்தப் பாதைகளை வரவேற்கலாம். அன்றாட அளவு என்ற வகையில் அல்ல.

நடைப்பயிற்சியின் மிகப் பெரிய குறை, அது தசையைக் கட்டுவதில்லை என்பதே. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைத்துவிட்டு, அதனோடு வாரம் இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி தேவை என்றும் சொல்கிறது. இங்கே மருத்துவமனைச் சுவரொட்டிகளிலும் வார இதழ்களிலும் முதல் பாதி வந்துசேர்ந்த அளவுக்கு இரண்டாம் பாதி வந்துசேரவில்லை. முப்பதைக் கடந்தபின் தசைத் திணிவு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது; அறுபதுக்குப் பின் இந்தத் தேய்வு விரைவுபெறுகிறது. உணவுக்குப்பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது எலும்புத்தசைகளே என்பதால், தசை குறைவது வலுவிழப்போடு முடிவதில்லை. சர்க்கரைக்குப் போக்கிடமும் குறைகிறது.

தெற்காசியருக்கு இது கூடுதல் கவலை தரும் செய்தி. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீடு ஒன்றாகவே இருந்தாலும், ஐரோப்பியரைவிட இவர்களுக்குக் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. மேலைநாடுகளில் 25இல் தொடங்கும் எச்சரிக்கை இங்கே 23இலேயே தொடங்குவதற்குக் காரணம் அதுவே. ஒல்லியான கைகால்களும் முன்தள்ளிய தொப்பையும் கொண்ட உடலமைப்புக்கு நடை மட்டுமே மருந்தாகாது. மேலும், எந்தப் பயிற்சிக்கும் உடல் சில வாரங்களில் பழகிவிடுகிறது. அதன்பின் சுமையோ வேகமோ படிப்படியாகக் கூடினால்தான் வளர்ச்சி தொடரும். அதே பூங்காவில் அதே வேகத்தில் பத்தாண்டு நடப்பவர் கிடைத்த பயனைக் காத்துக்கொள்கிறார், அதைக் கூட்டிக்கொள்வதில்லை. சம்மணமிட்டு அமர்ந்தவர் தரையில் கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பார்த்தாலே தொடைவலிமையின் நிலை ஓரளவு புலப்படும். சாப்பாட்டு மேசையும் மேற்கத்தியக் கழிப்பறையும் வந்தபின் அந்த அசைவுக்கே அன்றாடத்தில் இடமில்லை. இருபது லிட்டர் தண்ணீர் கேனைக்கூட மாடிக்கு ஏற்றித் தருவதற்கு ஆள் வருகிறார். தண்டாலும் பஸ்கியும் இளைஞர்களுக்கானவை என்று ஒதுக்கப்படுகின்றன. ஆனால் சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டாலும், நாற்காலியில் அமர்ந்தெழும் பஸ்கியும், கோயிலில் போடும் தோப்புக்கரணமும் ஐம்பது வயதினருக்கும் இயலக்கூடியவையே.

கூட்டாக நடப்பதில் ஒரு முரண் இருக்கிறது. மிதமான உடலுழைப்பு என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது என்பது வழக்கமான சோதனை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி என்பது அதன் கீழ்வரம்பு. நான்கு பேர் அரசியல் பேசிக்கொண்டே நடக்கையில் வேகம் அவர்களில் மெதுவானவரின் வேகமாகிவிடுகிறது. வாதம் சூடேறினால் கால்களும் நின்றுவிடுகின்றன. ஆயினும் அந்த நால்வரும் மழைக்காலத்திலும் தவறாமல் வருவது நடைக்காக மட்டுமன்று, பேச்சுக்காகவும்தான். தனியாக விரைந்து நடப்பவர் ஒரு மாதத்தில் நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே மெதுவான நடையைக் கேலி செய்வது பொறுப்பற்றது. இடையில் இரண்டு சுற்று மட்டும் பேச்சை நிறுத்தி விரைந்து நடப்பது இதற்கு ஏற்ற சமரசம். நடை முடிந்தபின் பூங்கா வாசலில் அருகம்புல் சாற்றோடு நிற்பவர்களைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் சிற்றுண்டிக்குச் செல்பவர்களைப் பற்றித்தான்: ஒரு மணி நேர நடையில் செலவாகும் 200, 250 கலோரியை இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் கால் மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடும்.

எட்டு வடிவப் பாதையில் நடப்பது பற்றிய உரிமைகோரல்கள் பெரியவை, சான்றுகள் சிறியவை. சிறிய இடத்தில் நடக்க உதவுவதும், திரும்பித் திரும்பி நடப்பதால் உடற்சமநிலைக்குச் சற்றுப் பயிற்சி கிடைப்பதும் அதன் உண்மையான பயன்கள்.

விடியற்காலையே நடைக்குரிய நேரம் என்னும் நம்பிக்கை நடுவயதுப் பெண்களில் பெரும்பகுதியினரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஐந்தரைக்குப் பூங்காவில் இருக்க வேண்டிய நேரத்தில் அவர்கள் குக்கரின் விசிலை எண்ணிக்கொண்டு மதிய உணவு டப்பாவை நிரப்பிக்கொண்டிருக்கின்றனர். மாதவிடாய் நிற்கும் இந்தப் பருவத்தில்தான் எலும்பும் தசையும் அவர்களுக்கு விரைவாகத் தேய்கின்றன என்பது நிலைமையை மேலும் கடுமையாக்குகிறது. உண்மையில் விடியற்காலைக்குத் தனிச் சிறப்பு ஏதும் இல்லை. சுருங்கும் தசை இன்சுலினின் துணையை எதிர்பாராமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்வாங்கும் என்பதால், உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது உணவுக்குப்பின் ஏறும் சர்க்கரையை நன்கு தாழ்த்துகிறது. இரவு ஒன்பதரைக்கு உண்டு பத்துக்குப் படுக்கும் நகரக் குடும்பங்களுக்கு மொட்டைமாடியில் நடக்கும் அந்தக் கால் மணி நேரம் மிகவும் பொருந்தும். மாத்திரைக்கு 'சாப்பாட்டுக்குப் பின்' என்று நேரம் குறிக்கும் மருத்துவர், நடைக்கும் அதே சீட்டில் அதே சொற்களை எழுதிக் கொடுக்கக் கூடுதலாக ஒரு வரிதான் தேவை.